நிறை குறைவு

பொதியை என் கை அறியும்.
நோர்வூட்டிலிருந்து மேல்கணக்கு வரை
மழையங்கிக்குள்ளும் மழை புகும் பாதையில்
மூன்று வருடம் சுமந்த கை.
பால்மா என்றால் உள்ளே பொதுபொதுக்கும்.
சப்பாத்து என்றால் மூலை இடிக்கும்.
சேலைக்கென்று ஒரு கனம் இருக்கிறது,
மடித்த இடத்தில் கொஞ்சம் சரிந்து
கைக்குள் உட்காரும்.

தீபாவளிக்கு முந்திய மாதம்
உட்காராத சேலைகள் வரத் தொடங்கின.

ஏழாம் லயத்துச் சிவபாக்கியம்
மூவாயிரத்து நானூற்றைம்பது எண்ணித் தந்தாள்,
பாதிக்கு மேல் ஐம்பது ரூபாய்த் தாள்.
காசு தந்த பிறகுதான் பிரிக்கலாம்.
கம்பனிச் சட்டம், நானே சொன்னேன்.
வாசலிலேயே பிரித்தாள்.
படத்தில் மயில்கழுத்துப் பட்டு.
கையில் மயில்கழுத்துச் சாயம் போட்ட நுளம்புவலை.
முந்தானை என்று ஒன்று இல்லவே இல்லை.
பொதியிலிருந்த இலக்கத்துக்கு அடித்தாள்.
பாவனையில் இல்லை என்று
மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொன்னார்கள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
முகமில்லாத திருடனுக்கு
என் முகத்தை மாட்டிவிட்டாள்.

அன்றிரவு அந்தக் கடைக்குள் போனேன்.
போனில்தான், போர்வைக்குள் இருந்து.
போன மாதம் அதே கடைக்கு வேறு பெயர்,
கைப்பை விற்றிருந்தது.
அதற்கு முந்திய பெயரில் முதுகு பிடிக்கும் இயந்திரம்.
சேலை கட்டிய அந்தப் பெண்
இன்னும் இரண்டு கடைகளில்
அதே சுவரில் சாய்ந்து சிரித்தாள், விலைதான் வேறு.
‘இன்னும் இரண்டு மணித்தியாலம் மட்டுமே’
ஓடிக்கொண்டிருந்த கடிகாரம்
மூடித் திறந்தால் மறுபடி இரண்டு மணித்தியாலம்.
‘அருமை’ என்று எழுதிய நாற்பது பேரும்
ஒரே நிமிடத்தில் அருமைப்பட்டிருந்தார்கள்.
விலாசம்: பிரதான வீதி, கொழும்பு.
இலக்கம் இல்லாத வீடு.
‘என் காசு எங்கே’ என்று ஒருத்தி கேட்டிருந்தாள்.
விடிந்து பார்த்தேன்,
கேள்வியும் இல்லை அவளும் இல்லை.

யாரிடம் சொல்ல?
எனக்குப் பொதிக்கு இவ்வளவு என்று கூலி.
திருப்பிக் கொண்டுபோனால் அதுவும் இல்லை.
பேசாமல் ஏறினேன், இறங்கினேன்.
லயத்து நாய்கள் என் சைக்கிளுக்கென்று
தனிக் குரைப்பு வைத்திருந்தன.

தவமலருடைய பொதியை
மலையிலேயே கொடுக்க வேண்டியதாயிற்று,
பகல் நிறுவை நேரம்.
வாங்கிக் கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.
‘காசு தராமப் பிரிக்கத்தானே கூடாது?
நிறுக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?’

மடுவத்துத் தராசில்
கொழுந்துச் சாக்கு இறங்கிய ஈரத்தின் மேல்
வைத்தாள்.
புள்ளி இரண்டு.
‘எங் கல்யாணச் சேலை முக்காக் கிலோ’ என்றாள்.
‘பின்பக்கம் காட்டி ஒரு வீடியோ அனுப்புன்னு
மூணு தடவ கேட்டேன்.
பாத்ததுக்கு நீலக்கோடு விழுந்துச்சு,
பதில் விழல்ல.’

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
கணக்கப்பிள்ளையும் சிரித்தார்.
‘ஐயா, சாக்குக்கு ரெண்டு, தண்ணிக்கு ரெண்டுன்னு
வழக்கம்போலக் கழிங்க,
அந்தக் கடைக்காரன்தான் நமக்குக் காசு தரணும்.
அரைப்பேருக்கும் காணாது.’

கணக்கப்பிள்ளை சிரிப்பை நிறுத்திக்கொண்டு
அடுத்த சாக்கைக் கூப்பிட்டார்.

பொதியை என்னிடம் நீட்டினாள்.
திருப்பி அனுப்பும் காரணத்துக்கு
படிவத்தில் மூன்று கட்டம்:
ஆள் இல்லை. விலாசம் பிழை. காசு இல்லை.
மூன்றுக்கும் வெளியே, ஓரத்தில்,
நனைந்த பேனையால் எழுதினேன்:
நிறை குறைவு.

அந்தக் கிழமை பதினொரு பொதி
என்னோடு கீழே இறங்கியது.
எரிபொருளுக்குக் கடன் வாங்கினேன்.
மேல்கணக்குப் பெண்கள் இப்போது
மடுவத்துக்கே வரச் சொல்கிறார்கள்.
நல்ல கடைச் சேலைகளும்
ஒருமுறை தராசில் ஏறித்தான் வீட்டுக்குப் போகின்றன.

சிவபாக்கியம் இன்னும் என்னோடு பேசுவதில்லை.
அவளுடைய காசு வரவில்லை, வராது.
ஏழாம் லயத்துக்குப் பின்னால் திரும்பும்போது
போஞ்சிப் பாத்தி தெரியும்.
குருவி கொத்தாமல் அதன்மேல்
நான்கு கம்பில் இழுத்துக் கட்டியிருக்கிறாள்
மயில்கழுத்து நிறத்தில்
மூவாயிரத்து நானூற்றைம்பது ரூபாயை.